வாஷர் களத்தில் முளைத்த மிளகாய்

எவரிஸ்தோ லொங்கோரியா ஆயுள் முழுக்கப் பார்த்தது ஒரே வேலை. அடுத்தவர் நிலத்து முள்காட்டை வேரோடு பிடுங்குவது. இளமையில் குந்தாலியால், பிறகு புல்டோசரால். அவர் ஊரான லாஸ் கோமித்தாஸைச் சுற்றி எந்தப் பண்ணையாவது கண்ணுக்கெட்டியவரை வெறும் புல்லாகத் தெரிந்தால் அதில் அவர் கை இருக்கும். கருவேலம், உடை, கள்ளி எதுவும் அவர் முன் நின்றதில்லை. "எவரிஸ்தோ போய் வந்த இடத்துல முயலுக்கு ஒளிய இடம் கிடையாது" என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். அதை அவர் ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கொல்லையும் அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடிதான் இருந்தது. புல் கிடையாது, பூச்செடி கிடையாது. தண்ணீர் தெளித்து, பெருக்கி, மறுபடி தெளித்து, உருளை ஓட்டி, சிமெண்ட்போல இறுகிப்போன மண். நடுவில் நீளவாக்கில் வாஷர் களம். இரண்டு முனையிலும் வாய் மட்டும் தெரியப் புதைத்த தகர டப்பாக்கள். இந்த முனையில் நின்று அந்த முனை டப்பாவுக்குள், நடுவில் ஓட்டை போட்ட வட்டமான இரும்பு வாஷரை எறிய வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் பல வருடங்களாக இந்தக் களத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் யாருக்கும் எவரிஸ்தோ தேவைப்படவில்லை. ஓய்வுபெற்ற புல்டோசர்க்காரனிடம் என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தோற்பார்கள், திட்டுவார்கள். இருட்டிய பிறகும் ஆட வேண்டுமென்று களத்துக்கு மேலே அதன் நீளத்துக்கும் கம்பி இழுத்து அதில் பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார்.

அந்தக் கொல்லையில் அனுமதி பெற்ற பச்சை ஒன்றே ஒன்று. சமையலறை ஜன்னலுக்கு அடியில் இடுப்பளவு நின்ற பிக்கீன் மிளகாய்ச் செடி. அது அவர் மனைவி ஒர்ஃபெலிந்தாவுடையது. அவள் நட்டதல்ல. பிக்கீனை யாரும் நடுவதில்லை. பறவை தின்றுவிட்டு உட்கார்ந்து எழுந்த இடத்தில் அதுவாக வரும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காய். பயறும் தொர்த்தியா ரொட்டியும் சாப்பிடும்போது வாய்க்கு ஒன்றாகக் கடித்துக்கொள்வார்கள். சுள்ளென்று ஏறும், பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிடும்.

பெருந்தொற்றின் இரண்டாவது ஜனவரியில் இருவரும் படுத்தார்கள். எவரிஸ்தோவுக்கு இருமலோடு போயிற்று. ஒர்ஃபெலிந்தாவுக்கு இருமல் போனது, கூடவே வாசனையும் ருசியும் போய்விட்டன. காபி வெந்நீராயிற்று. பயறு களிமண்ணாயிற்று. நாற்பது வருடக் கைப்பழக்கத்தில் சமைத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தட்டை உருட்டிக்கொண்டிருப்பாள்.

"சாப்பாட்டு நேரம் வந்தாலே பாட்டுக் கச்சேரிக்குப் போன செவிட்டுப் பொம்பள மாதிரி இருக்கு" என்றாள். "எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் ஆட்டுறேன்."

பிக்கீன் மட்டும் அவளுக்குள் இறங்கியது. அது ருசி இல்லை என்று அவளே சொன்னாள். "ஆனா வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு தெரியுது." அதைக் கடித்துக்கொண்டால் இரண்டு தொர்த்தியா உள்ளே போகும். இல்லாவிட்டால் பாதிக்கு மேல் போகாது.

பிப்ரவரியில் உறைபனி வந்தது. அந்தப் பக்கத்தில் அப்படியொரு குளிரை யாரும் கண்டதில்லை. மின்சாரம் போயிற்று, குழாய்கள் வெடித்தன, இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். குளிர் விட்டதும் எவரிஸ்தோ வெளியே வந்து பார்த்தார். மிளகாய்ச் செடி வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கியது. நோயிலிருந்து எழுந்தவள் ஜன்னலைத் திறந்ததும் பிணத்தைப் பார்க்க வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியது. குந்தாலியை எடுத்துவந்து நாலு கொத்தில் வேரோடு பெயர்த்தார். குழியை மூடித் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார். இருந்த சுவடே தெரியவில்லை.

"என் செடி எங்க?" என்றாள் அவள் ஜன்னலில் இருந்து.

"செத்துப்போச்சு. சுத்தமா எடுத்துட்டேன்."

"செத்துதுன்னு யார் சொன்னா?"

"கருகிக் கிடந்துது, நானே பாத்தேனே."

"போன மாசம் நானும்தான் கருகிக் கிடந்தேன். நல்ல வேள, குந்தாலி உன் கைக்கு எட்டல."

அந்த மண்ணில் எதுவும் மேலே கருகினால் செத்ததாகாது. அடியிலிருந்து திரும்பி வரும். வேறு யாருக்கும் தெரிகிறதோ இல்லையோ, எவரிஸ்தோவுக்குத் தெரியும். அது தெரிந்ததால்தானே வேரோடு பிடுங்குவதற்குப் பண்ணைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். சோம்பேறிகள், வேலை தெரியாதவர்கள், பட்ட செடியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்கள். ஏப்ரலில் அவர்கள் வீட்டுச் செடிகளெல்லாம் அடியிலிருந்து துளிர்த்தன.

செய்தியைக் கொண்டுவந்தவர் பால்தெமார். எவரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். ஒர்ஃபெலிந்தா அவருக்குக் கொம்மாத்ரே. கொம்பாத்ரேயை 'நீ' என்று சொல்வது வழக்கமில்லை. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் 'நீங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும்.

"எங்க வீட்டுச் செடி நாலு விரல் உயரம் வந்திருச்சு, கொம்பாத்ரே" என்றார் பால்தெமார். "உங்களுது எப்படி இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க வாயால கேக்கலாம்னு வந்தேன்."

காயவைத்துப் போத்தலில் போட்டிருந்த பழைய மிளகாய் மே மாதத்தோடு தீர்ந்தது. எவரிஸ்தோ கடையிலிருந்து பொட்டலம் வாங்கிவந்தார். தூசி என்றாள். ஹலபேனோ என்கிற பெரிய மிளகாயை வாங்கிவந்தார். அது காரம்தான், ஆனால் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. "விருந்தாளின்னா வந்தமா போனமான்னு இருக்கணும்" என்றாள். பால்தெமார் வீட்டில் போன வருடம் காயவைத்த பழம் நாலு கேட்டு வாங்கி, ஊறவைத்து, ஜன்னலுக்கு அடியில் விதைத்தார். தினமும் குனிந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"விதை பறவை வயித்துக்குள்ள போய் வரணும் கொம்பாத்ரே" என்றார் பால்தெமார். "நீங்க விதைச்சா வருமா? உங்க கையப் பாத்தா பாதி வளர்ந்ததே திரும்பி மண்ணுக்குள்ள போயிரும்."

ஒர்ஃபெலிந்தாவின் பாவாடைக்கு ஊக்கு தேவைப்பட்டது. பிறகு இரண்டாவது ஊக்கு. அதைப் பற்றியும் அவள் வேடிக்கையாகத்தான் பேசினாள். மகள் சான் அன்டோனியோவிலிருந்து போனில் கேட்டால், கல்யாண கவுன் இப்போது சரியாக இருக்கும் என்பாள். எவரிஸ்தோ சிரிக்கவில்லை. அவள் எழுந்துபோன பிறகு தட்டில் மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூலையில் பால்தெமார் வீட்டுச் செடி காய்க்கத் தொடங்கியது. சின்னச் செடி, கொஞ்சம்தான் காய்த்தது. அதைப் பழைய மாத்திரைக் குப்பியில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். வந்ததும் களத்துக்குப் போக மாட்டார். நேராகச் சமையலறைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றி, குப்பியை மேசைமேல் வைப்பார்.

"கொம்மாத்ரே, உங்களுக்காகக் கொண்டுவந்தேன். எங்க வீட்டுல இதெல்லாம் வேரோட இருக்கு."

அவள் அவர் முன்னாலேயே பயறைச் சுடவைத்து ஒவ்வொன்றாகக் கடித்துச் சாப்பிடுவாள். நெற்றியில் வேர்வை பூக்கும். பால்தெமார் ஆட்டுக்குட்டிக்குப் பாலூட்டியவர்போல நின்று பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே எவரிஸ்தோவும் பார்ப்பார். தன் மனைவி வாரத்தில் ஒருநாள் வயிறாரச் சாப்பிடுகிறாள், அதுவும் அடுத்தவன் வீட்டு மிளகாயில். அதற்குப் பிறகு ஆடினால் வாஷர் எங்கே விழும்? டப்பாவைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு மழை பெய்தது. மழைக்குப் பிறகு களத்தைச் சுரண்டிச் சமப்படுத்துவது சனிக்கிழமை வேலை. தட்டை மண்வெட்டியைத் தரையோடு தரையாக வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். முளைத்தது எதுவானாலும் வழித்துக்கொண்டு வந்துவிடும். ஏழெட்டை வழித்த பிறகுதான் கை நின்றது. வழித்த குவியலில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கூர்மையான சின்ன இலை. கசக்கினார், முகர்ந்தார். அவருக்கு மூக்கு வேலை செய்தது.

நிமிர்ந்து மேலே பார்த்தார். பல்புக் கம்பியில் சாம்பல் நிறப் பறவை ஒன்று, ஊரிலுள்ள எல்லாப் பறவைகளின் பாட்டையும் திருடிப் பாடுகிற ஜாதி, வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முளைத்தவையெல்லாம் கம்பிக்கு நேர் கீழே நூல் பிடித்ததுபோல ஒரே வரிசையில் இருந்தன. எத்தனை வருடமாக அது இப்படி விதைத்துக்கொண்டிருக்கிறதோ. எத்தனை வருடமாக அவர் சனிக்கிழமைதோறும் அதை வழித்து எறிந்திருக்கிறாரோ.

மண்வெட்டி படாமல் மிஞ்சியது இரண்டு. இரண்டும் தூரத்து டப்பாவுக்குப் பக்கத்தில். அவர் இரண்டு காபி டின்களைக் கொண்டுவந்து அவற்றின்மேல் கவிழ்த்தார். ஒர்ஃபெலிந்தாவிடம் சொல்லவில்லை. சொல்லி, அதுவும் போய்விட்டால்?

மறுநாள் பால்தெமார் முதல் வேலையாக ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"உங்க கொல்லைல ஒரு செடி உயிரோட இருக்கு, கொம்பாத்ரே. உடம்புக்கு ஏதாவது முடியலயா உங்களுக்கு?"

"மூடுங்க அத."

"ஜன்னலுக்கு அடியில எடுத்து வச்சிருங்க. கொம்மாத்ரேக்குக் கைக்கு எட்டும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. எவரிஸ்தோ அன்றைக்கே ஒன்றைச் சுற்றிலும் அகலமாக வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, ஜன்னலுக்கு அடியில் வைத்தார். தண்ணீர் விட்டார். பூசைக்கு எடுத்துப்போகும் கறுப்புக் குடையை அதற்கு விரித்து வைத்தார். வேரோடு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைத்து அவருக்குப் பழக்கமில்லை. நாலு நாளில் அது குடை நிழலிலேயே தலையைச் சாய்த்துவிட்டது. குடையைப் பார்த்துத்தான் ஒர்ஃபெலிந்தாவுக்கு விஷயம் தெரிந்தது.

"யாருக்குக் குடை?"

அவர் சொன்னார். இன்னொன்று களத்தில் இருப்பதையும் சொன்னார். அவள் அங்கே போய்க் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. திரும்பி வந்து, "அது விளையாடுற இடமாச்சே" என்றாள். அன்றைக்கு அரைத் தொர்த்தியா சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆடிப் பார்த்தார்கள். செடி டப்பாவிலிருந்து ஒரு சாண் தள்ளித்தானே இருக்கிறது, ஒதுக்கி ஆடலாம் என்றார் பால்தெமார். அவர் வீசிய மூன்றாவது வாஷர் டப்பாவின் விளிம்பில் பட்டுத் துள்ளி ஒரு கிளையை அறுத்தது. எல்லோரும் எவரிஸ்தோவைப் பார்த்தார்கள். அவர் போய் வாஷரை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆட்டம் முடிஞ்சுது."

"இன்னும் பாதிகூட ஆகலியே. யார் ஜெயிச்சா?"

"அதான்" என்று செடியைக் காட்டினார்.

இன்னொரு களம் போட அந்தக் கொல்லையில் இடமில்லை. ஒரு பக்கம் கழிவுத் தொட்டி, மண் பொதபொதவென்று இருக்கும். இன்னொரு பக்கம் வண்டிக் கொட்டகை. இந்த ஒரு கீற்று மண்ணை இறுக்குவதற்கே அவருக்குப் பாதி ஆயுள் பிடித்திருந்தது. அவர் குந்தாலியை எடுத்துவந்தார். டப்பாக்கள் இரண்டையும் தோண்டி எடுத்து, வாஷர்களை அதற்குள் போட்டு, பால்தெமாரிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுல சிமெண்ட் களம் இருக்குல்ல."

"இருக்கு."

"நான் அடுத்த வாரம் வர்றேன்."

பால்தெமார் டப்பாக்களை வாங்கிக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நாற்காலி நீங்கதான் கொண்டாரணும்" என்று மட்டும் சொன்னார்.

ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவில் போவதை ஒர்ஃபெலிந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"என்ன, சண்டையா?"

"இல்ல."

"பின்ன?"

"அது காய்க்கட்டும்."

"நான் உன்னக் கேக்கல, கிழவா."

"நீ கேட்டேன்னு யார் சொன்னா?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எவரிஸ்தோ மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விருந்தாளியாகப் போனார். பால்தெமார் வீட்டுக் களம் சிமெண்ட். வாஷர் விழுந்தால் நிற்காது, வழுக்கிக்கொண்டு அடுத்த வீட்டு நாய்வரைக்கும் போகும். அக்கார்டியன் பாட்டை வேறு அலறவிட்டிருப்பார்கள். வாரா வாரம் தோற்றார். தோற்றுவிட்டு வரும்போது நேராக வீட்டுக்குள் போகாமல் கொல்லைக்குப் போய், செடியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். வேறு பக்கத்தில் முளைத்ததை வழிப்பார். இந்தச் செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவார். ஒர்ஃபெலிந்தா பால்தெமாரின் குப்பியை ஞாயிறு முதல் புதன்வரை இழுத்துப்பிடித்து ஓட்டினாள். வியாழன், வெள்ளி, சனி தட்டை உருட்டினாள்.

அக்டோபரில் செடி முழங்காலுக்கு வந்தது. வெள்ளைப் பூ வந்தது. பிறகு மேல்நோக்கி நின்ற பச்சைக் காய். பறவைக்கு முந்திக்கொள்ள வேண்டுமே என்று ஒருநாள் காலை ஒர்ஃபெலிந்தா செருப்பைக்கூடப் போடாமல் களத்துக்குப் போனாள். எவரிஸ்தோ துணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் ஒன்றைக் கிள்ளிக் கடித்தாள். வழக்கம்போலக் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தவள் திடீரென்று திறந்தாள்.

"பச்சையா இருக்கு."

"பழுக்கலல்ல. அப்படித்தான் இருக்கும்."

"காயச் சொல்லல. வாசன." இன்னொன்றைக் கடித்தாள். "புல்லு வெட்டின மாதிரி. போயிருச்சு. இரு." மூன்றாவதையும் போட்டுக்கொண்டாள். "ஆமா. இருக்கு."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிக்கீன் மூன்றைச் சேர்ந்தாற்போல் கடித்தால் யாருக்கும் வழியும். எவரிஸ்தோவும் ஒன்றைப் பறித்து அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பியது. முதலில் உப்பு. பிறகு எலுமிச்சை. கிறிஸ்துமஸுக்குள் வெங்காயம். காபி மட்டும் டயர் எரிகிற நாற்றம் அடித்தது. அதைக் குடிக்கமாட்டேன் என்று தேநீருக்கு மாறினாள். ஊக்குகளில் ஒன்று தையல் டப்பாவுக்குத் திரும்பிப் போனது.

வசந்தம் வந்தபோது கொல்லையைப் பார்க்க எவரிஸ்தோவுக்கே கூச்சமாக இருந்தது. நோயில் மொட்டையான தலையில் முடி வருவதுபோல எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளி. தாய்ச்செடியின் காய்களைப் பறவைகள் தின்று, கம்பிக்கு அடியிலும் துணிக்கயிற்றுக்கு அடியிலும் வேலியோரத்திலும் விதைத்துவிட்டன. வெறும் மண் என்று இருந்ததெல்லாம் பிக்கீன் நாற்றங்காலாயிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் பால்தெமார் வந்தார். கையில் அந்த இரண்டு டப்பாக்கள்.

"கொம்மாத்ரேக்கு நாக்கு வந்திருச்சாம்ல."

"வந்திருச்சு."

"அப்ப அந்தக் காட்ட வழிச்சு எறிங்க. ஜன்னல் பக்கம் ஒண்ணு வேணா விட்டுருங்க. ஈஸ்டர் பந்தயத்த இங்கயே வைப்போம். எங்க வீட்டம்மா இதுக்குமேல முடியாதுன்னுட்டா. ரோஜாச் செடிக்கு யாரோ ஒண்ணுக்குப் போயிருக்காங்க."

"யாரு?"

"நீங்கன்னு சொல்லியிருக்கேன்."

டப்பாக்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எவரிஸ்தோ அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பக்கம் நின்று, பல்பு வெளிச்சத்தில், தன் மண்ணில் வாஷர் டப்பென்று விழும் சத்தம். கேட் திறக்கும் சத்தம். வேண்டுமென்றால் சனிக்கிழமை ஒரு பொழுது போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். காரணமும் இருக்கிறது. அவள் இப்போது எதையும் கடித்துக்கொள்ளாமலேயே சாப்பிடுகிறாள்.

சமையலறைக்குப் போய்ச் சொன்னார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உன் தரை. உன் இஷ்டம்."

நாற்பது வருடத்தில் அவள் இதைச் சொன்னது இரண்டு மூன்று முறைதான். 'கூடாது' என்று சொல்லியிருந்தால் வாதாடலாம். 'உன் இஷ்ட'த்தோடு யார் வாதாட முடியும்?

"வெளிப்படையாச் சொல்லு கிழவி. உனக்கு அது இன்னும் வேணுமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் பொறந்தப்ப நல்லா இருந்தேன், அந்த ஜனவரிலயே போச்சு. இப்ப வந்திருக்கு. நாளைக்கு இருக்குமான்னு யாரக் கேக்க?" பிறகு, "ஒரே ஒரு செடி வச்சுக்கிட்டு ஒரு தடவ பாத்தாச்சு" என்றாள். குரலில் குறை இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

எவரிஸ்தோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கொட்டகை ஓரத்தில் தொடங்கி ஒரு பாகம் வழித்தார். நின்றார்.

அவர் வேலை பார்த்த கடைசி வருடங்களில் பண்ணைக்காரர்களின் புத்தி மாறியிருந்தது. மாட்டைவிடக் காடைக்கு மதிப்பு வந்துவிட்டது. பட்டணத்துக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து காடை சுட வேண்டும், காடை ஒளியப் புதர் வேண்டும். அதனால் முதலாளியே புல்டோசருக்கு முன்னால் நடந்து, கிளையில் துணி கட்டிக்கொண்டே போவார். இது இருக்கட்டும், அது போகட்டும். அரைச் சவரம் செய்த முகம்போல இருந்தது அந்த நிலம். எவரிஸ்தோ வெறுத்துக்கொண்டே செய்தார், துணி கட்டிய ஒரு கிளையில்கூட உரசாமல் செய்தார்.

ஜன்னலைப் பார்த்து, "கந்தத்துணி இருக்கா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"கொண்டா. குச்சியும் கொண்டா."

அவள் கிழிந்த சிவப்புச் சட்டையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, குச்சிகளில் கட்டிக் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பண்ணை முதலாளி நடை நடந்தாள்.

"இது இருக்கட்டும்" என்று ஒரு குச்சியைக் குத்தினாள். "இதுவும். இங்க ஒரு கூட்டம். ஏ ஆளு, ஒழுங்காப் பாத்துக்க, அப்புறம் தெரியலன்னு சொல்லாத."

"சரிங்க முதலாளி. இது?"

"இதுவும்."

"இது துணிக்கயித்துக்குப் போற வழி."

"சரி, வழி விடு. ஒரு ஆள் போற அளவுக்கு."

"யாரு அளவு, என் அளவா, உன் அளவா?"

"இப்ப என் அளவு. வருஷக் கடைசில பாத்துக்கலாம்."

களத்தின் தூரத்து முனையில் வந்து நின்றார்கள். தாய்ச்செடி அங்கேதான் இருந்தது, குட்டிகள் சூழ. அவள் கையில் குச்சி இருந்தது, குத்தவில்லை. அவரைப் பார்த்தாள். எவரிஸ்தோ குச்சியை அவள் கையிலிருந்து வாங்கிக் கம்பிக்கு நேர் கீழே குத்தினார். இன்னொன்றை வாங்கி அந்தக் கோடியில் குத்தினார். இடைப்பட்டதெல்லாம் அதில் அடங்கிற்று.

மாலைக்குள் வேலை முடிந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய பாதைகள், இடையிடையே பச்சைத் திட்டுகள். எவரிஸ்தோ வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். பூனைகூட இங்கே வாஷர் ஆட முடியாது. ஆனால் ஓரங்கள் நேராக இருந்தன. வேலை சுத்தம்.

டப்பாக்களை அவர் வீட்டுக்கு முன்னால், தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தில் புதைத்தார். அது சாக்கடைப் பக்கமாகச் சரிந்த நிலம். அவருக்கும் தெரிந்ததுதான்.

ஈஸ்டருக்கு எல்லோரும் வந்தார்கள். மகள் வந்தாள். ஈஸ்டர் வழக்கப்படி, தெருவில் போகிறவர்கள் தலையிலும், வருகிறவர்கள் தலையிலும் வண்ணக் காகிதத் துணுக்கு அடைத்த முட்டை ஓடுகள் உடைந்தன. வாஷர் எறிந்தவர்கள் எல்லோரும் எறிந்த வேகத்தில் ஓடிப்போய்ச் சாக்கடையில் குனிந்து பொறுக்கினார்கள்.

"கொம்பாத்ரே, இது களமா, மலைச்சரிவா?" என்றார் பால்தெமார். முழங்கைவரை சேறு. "சிமெண்ட்டுல உங்கள வச்சு ஆட்டினதுக்குப் பழிவாங்குறீங்களா?"

"ஆமா."

"சரி. தெரிஞ்சுக்கிட்டேன்."

சாப்பாட்டு மேசைக்குப் பால்தெமாரின் மாட்டிறைச்சி வந்தது. முந்தைய நாளே கருவேலம் விறகில் வைத்து, இரவு முழுக்க விழித்திருந்து சுட்டது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர்தான் சுடுவார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒர்ஃபெலிந்தா அதில் ஏதாவது குறை கண்டுபிடிப்பாள். போன ஈஸ்டரில் மட்டும் அவள் ஒரு துண்டை மென்றுவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். அந்தச் சொல்லை அவர் அவளிடமிருந்து கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், கொம்மாத்ரே நிலைமை மோசம் என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். பக்கத்தில் பிக்கீன் கிண்ணம் இருந்தது, தொடவில்லை. பால்தெமார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். எவரிஸ்தோ மெல்லுவதை நிறுத்தினார்.

"கொம்பாத்ரே" என்றாள் அவள். "சீரகத்த அள்ளிக் கொட்டியிருக்கீங்க."

பால்தெமார் நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துக்கொண்டார்.

"வேற?" என்றார் பால்தெமார்.

"விறகு ஈரம். புகை கசக்குது."

"ஈரம்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. "மழையில நனைஞ்சிருச்சு. வேற என்ன, சொல்லுங்க."

"இன்னொரு துண்டு வைங்க. சொல்றேன்."